தோற்றார் கடன்

1997-ல் ஹனோய் அரசு, அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 14.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டது. ஹனோய் வாங்கிய கடனல்ல அது. எந்த சைகோன் அரசை ஒழித்துக்கட்ட ஹனோய் இருபது வருஷம் போரிட்டதோ, அந்த அரசு சாலைக்கும் மின்சாரத்துக்கும் தானியத்துக்குமாக அமெரிக்காவிடம் வாங்கி வைத்திருந்த கடன். 1975 ஏப்ரல் 30-ல் அந்த அரசு இல்லாமற் போயிற்று. அதன் கொடி போயிற்று, நாணயம் போயிற்று, தலைநகரின் பெயரும் மறுவருஷம் போயிற்று. கடன் மட்டும் இருந்தது. பொருளாதாரத் தடையை அமெரிக்கா 1994-ல்தான் நீக்கியது. ராஜீய உறவு 1995-ல் ஏற்பட்டது. இனி வியாபாரம் வேண்டுமானால் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வா என்பது கடன் கொடுத்தவன் உலகத்து நியதி. சுமார் இருபதாண்டுத் தவணை. அதில் ஒரு பகுதி வியட்நாமிய மாணவர்கள் அமெரிக்காவில் படிக்க உபகாரச் சம்பளமாகத் திரும்பி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் வங்கியில் கடன் பிரிவுக் குமாஸ்தா. இதைப் படித்தபோது தொழில் ரீதியான ஒரு பரிச்சயம்தான் முதலில் ஏற்பட்டது. கோபம் பிறகு வந்தது. கோபத்துக்குக் காரணம், இக்கணக்கின் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய இன்னொரு தொகை. பாரிஸ் உடன்படிக்கை 1973 ஜனவரி 27-ல் கையெழுத்தாயிற்று. அதன் 21-ஆவது ஷரத்து, போரின் காயங்களை ஆற்ற அமெரிக்கா உதவும் என்கிறது. ஐந்து நாள் கழித்து நிக்ஸன், ஹனோய் பிரதமர் ஃபாம் வான் டோங்குக்கு ரகசியக் கடிதம் ஒன்று அனுப்பி, ஐந்தாண்டுகளில் 325 கோடி டாலர் அளவில் புனரமைப்பு உதவி என்று தொகையும் குறித்தார். அந்த உதவி வரவேயில்லை. ஹனோய் உடன்படிக்கையை மீறித் தெற்கைப் பிடித்துக்கொண்டது, ஆகவே வாக்கும் காலாவதி என்பது வாஷிங்டனின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1977 மார்ச்சில் ஜிம்மி கார்ட்டர் நிருபர்களிடம், அழிவு இரு தரப்புக்கும் பொதுவாகவே நேர்ந்தது, நாம் கடன்பட்டவர்கள் என்று தாம் நினைக்கவில்லை என்ற பொருள்படச் சொன்னார். இந்தோசீனாவின் மேல் 70 லட்சம் டன்னுக்கு அதிகமாகக் குண்டு விழுந்திருக்கிறது. அமெரிக்க மண்ணில் ஒன்றும் விழவில்லை. இந்தப் ‘பொது’வைப் பற்றுப் பக்கம் எழுதுவதா வரவுப் பக்கம் எழுதுவதா?

தமிழில் கடன் என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. வாங்கினதைத் திருப்புவது கடன். செத்தவனுக்குச் செய்வதும் கடன். இறுதிக் கடன், நீர்க்கடன், நீத்தார் கடன். ஆங்கிலத்திலும் இவ்விரண்டு அர்த்தங்களுக்கு வேர் ஒன்றுதான் என்றாலும் அங்கே சொற்கள் வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டன. நம்மிடம் பிரியவில்லை. முதல் வகைக் கடனில் வாங்கிக்கொள்கிறவன் ரசீது தருகிறான், கணக்கு முடிகிறது. இரண்டாம் வகையில் வாங்கிக்கொள்கிறவன் கையெழுத்துப் போட வரமாட்டான். ஆகவே அது முடிகிற கணக்கல்ல; வருஷா வருஷம் செய்கிற காரியம். போருக்குப் பின் வருகிற அரசுகள், எந்தத் தரப்பாயினும், முதல் வகைக் கடனைத் தீர்த்த சூட்டோடு இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக உலகுக்குக் காட்டுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. வியட்நாம் விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

தோற்ற அரசின் கடனை ஏற்றுக்கொண்ட ஹனோய், தோற்ற அரசின் கல்லறையை ஏற்கவில்லை. சைகோனுக்கு வடகிழக்கே பியன் ஹோவா ராணுவ மயானம் இருக்கிறது. தெற்குப் படையைச் சேர்ந்த சுமார் 16,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வாசலில் துக்கித்து உட்கார்ந்த சிப்பாயின் சிலை ஒன்று இருந்தது, 1975-ல் தள்ளப்பட்டது. 2006 வரை அந்த இடம் ராணுவக் கட்டுப்பாட்டில். வடக்குத் தரப்புக்குக் குவாங் த்ரி மாகாணத்தில் ட்ரூங் சோன் தியாகிகள் மயானம், பத்தாயிரத்துக்கு மேல் கல்லறைகள், ஒழுங்கான வரிசைகள், அரசு மரியாதை, ஊதுவத்தி. இரண்டு மயானங்களிலும் கிடப்பவர்கள் ஒரே பாஷை பேசியவர்கள். பல வீடுகளில் அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றதிலும் கிடக்கிறான். தாய்க்கு ஒருவனுக்காக அரசாங்கத்திடமிருந்து பத்திரம் வரும். இன்னொருவனுக்காக வாயைத் திறக்க முடியாது. வாரிசு அரசு எனப்படுவது எதற்கு வாரிசு? பேரேட்டுக்கு மட்டும்தானா?

வென்ற தரப்பின் இறந்தவர்களும் சரியாகக் கிடைக்கவில்லை என்பது வேறு. அமெரிக்கா தன் பக்கத்தில் காணாமற்போன சுமார் 1,500 சொச்சம் பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் விமானம் வருகிறது. வியட்நாமின் பக்கத்தில் எலும்புகூட அகப்படாதவர்கள் இரண்டு லட்சம் பேருக்குக் குறையாது. பாவ் நின்னின் ‘போரின் துயரம்’ நாவல் (1990-ல் முதலில் வேறு தலைப்பில் வந்தது) தொடங்குவதே இந்த வேலையில்தான். கதாநாயகன் போர் முடிந்தபின் காட்டில் சடலங்களைத் தேடிப் பொறுக்கும் குழுவில் இருக்கிறான். பாவ் நின் வடக்குப் படையில் இருந்தவர். வெற்றி பெற்றவன் இப்படி எழுதலாமா என்று அங்கே கேட்டார்கள். 1991-ல் எழுத்தாளர் சங்கப் பரிசைக் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்டார்கள் என்பது எல்லா எழுத்தாளர் சங்கங்களுக்கும் பொருந்தும் குணம் போலும்.

ஏஜென்ட் ஆரஞ்சு பற்றி நம்மில் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். 1962 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி விமானத்திலிருந்து தெளிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதியில் டயாக்சின் கலந்திருந்தது. காடு இலையுதிர்ந்தது, நஞ்சு மண்ணில் தங்கிற்று, மண்ணிலிருந்து குளத்து மீனுக்கும் வாத்துக்கும் போய், அவற்றைத் தின்றவர்களின் ரத்தத்துக்கும் தாய்ப்பாலுக்கும் போயிற்று. விஞ்ஞானத்தை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு வருகிறேன், ஏனெனில் தார்மிகப் பிரச்னை அங்கேதான் அம்மணமாக நிற்கிறது. அமெரிக்கச் சிப்பாய்கள் தொடர்ந்த வழக்கில் ரசாயனக் கம்பெனிகள் 1984-ல் 18 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. 1991-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது: வியட்நாமில் பணிபுரிந்த சிப்பாய்க்குக் குறிப்பிட்ட சில வியாதிகள் கண்டால், அவை இந்த ரசாயனத்தால் வந்தவையென்றே கொள்ளப்படும், அவன் நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல சட்டம்தான். 2004-ல் வியட்நாமியர்கள் அதே கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டார்கள். 1984 சமரசத்தைப் பார்த்துக்கொண்ட அதே நீதிபதி, ஜாக் வெயின்ஸ்டைன், 2005-ல் தள்ளுபடி செய்தார். களைக்கொல்லி அந்நாளைய சர்வதேசச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதமல்ல என்றார். 2009-ல் உச்சநீதிமன்றம் அப்பீலை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. சில மாதங்கள் அந்த மண்ணில் நடந்துவிட்டுப் போனவனுக்கு அனுமானம். அந்த மண்ணிலேயே பிறந்து உழுது தின்றவனுக்கு நிரூபணம். பின்னாளில் அமெரிக்கா அங்குள்ள ஊனமுற்றோருக்கு உதவிப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, ‘காரணம் எதுவாயினும்’ என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துக்கொண்டது. தானம் கொடுப்பேன், கடனென்று ஒப்புக்கொள்ளமாட்டேன் என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்த வக்கீலும் எழுதியதில்லை.

இந்தப் பகுதி எழுதுவதற்குச் சுலபம். அமெரிக்காவைத் திட்டுவதில் நமக்குப் பழக்கம் உண்டு. கல்கத்தாவில் ‘உன் பெயர் என் பெயர் வியட்நாம்’ என்று கோஷம் போட்டார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த தெருவுக்கே ஹோ சி மின் பெயரை வைத்தார்கள். தமிழில் வானம்பாடிகள் காலத்துக் கவிதைகளில் வியட்நாம் வராத தொகுப்பு எது என்று தேட வேண்டியிருக்கும். 1978-ல் அதே வியட்நாமிலிருந்து படகுகள் புறப்பட்டபோது இந்தக் கவிதைகள் நின்றுவிட்டன. தனியார் வியாபாரம் அந்த வருஷம் மார்ச்சில் ஒழிக்கப்பட்டதும் முதலில் அதிகம் கிளம்பியவர்கள் சீன வம்சாவளியினர். மறுகல்வி முகாம்களுக்குப் பயந்தவர்களும், முகாமிலிருந்து வெளிவந்தவர்களும், மகனைக் கம்போடியப் போருக்கு அனுப்ப மனமில்லாதவர்களும் தொடர்ந்தார்கள். மறுகல்வி என்பது நல்ல சொல். சிலர் பதினேழு வருஷம் ‘படித்தார்கள்’. 1975-க்கும் 1995-க்கும் இடையில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் படகில் வேறு நாடுகளைச் சேர்ந்தார்கள். சேராதவர்களுக்குக் கணக்கில்லை. தாய்லாந்து வளைகுடாவில் கடற்கொள்ளையர். கரை தெரிந்தபின் மீண்டும் கடலுக்குள் இழுத்துவிடப்பட்ட படகுகள். மலேசியாவின் புலாவ் பிடோங், பரப்பளவைப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டர் தீவு. 1979 மத்தியில் அதில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

அந்த ஜூனில் பாரிஸில் சார்த்தரும் ரேமோன் ஆரோனும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். முப்பது வருஷப் பகை. இருவருமாக ஜனாதிபதியைப் பார்த்து, படகு அகதிகளை இன்னும் அதிகமாக ஏற்கவேண்டும் என்று கேட்டார்கள். சார்த்தர் யார்? 1967-ல் ரஸ்ஸல் நீதிமன்றத்தில் தலைமையேற்று அமெரிக்காவைக் குற்றவாளி என்றவர். இது பல்டி என்று வலதுசாரிகள் சந்தோஷப்பட்டார்கள், துரோகம் என்று இடதுசாரிகள் முணுமுணுத்தார்கள். நான் இதைப் பல்டியாகவோ துரோகமாகவோ பார்க்கவில்லை. 1967-ல் குண்டு விழுந்த ஜனங்களும் 1979-ல் படகேறிய ஜனங்களும் ஒரே ஜனங்கள். பக்கத்துக்குக் கட்சி கட்டினவனுக்குத்தான் இது முரண்பாடாகத் தெரியும். சார்த்தருக்கு அப்போது கண் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது; மறு ஏப்ரலில் செத்துப்போனார்.

இரண்டு கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்திய வியட்நாமில் ஹா மி கிராமம்; 1968 பிப்ரவரியில் தென்கொரியத் துருப்புகள் 135 பேரைக் கொன்றன. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். பிற்பாடு கொரியப் போர்வீரர் சங்கம் ஒன்றே பணம் கொடுத்து அங்கே நினைவுச் சின்னம் எழும்பியது. கிராமத்தார் கல்லில் நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தார்கள். எழுத்தை மாற்று என்று கொரியத் தரப்பிலிருந்து வற்புறுத்தல் வந்தது, உள்ளூர் அதிகாரிகளும் கூடச் சேர்ந்தார்கள். கிராமத்தார் ஒரு சொல்லையும் மாற்ற மறுத்தார்கள். தாமரை செதுக்கிய பலகை ஒன்றை எழுத்தின் மேல் பதித்து மூடிவிட்டார்கள். எழுத்து உள்ளே இருக்கிறது. இது முதல் கல். இரண்டாவது, புலாவ் பிடோங்கில் 2005-ல் முன்னாள் அகதிகள் திரும்பிப் போய் வைத்தது. கடலில் இறந்தவர்களுக்கு அஞ்சலியும் அடைக்கலம் தந்தவர்களுக்கு நன்றியும் சொன்ன கல். ஹனோய் ஆட்சேபித்தது, சில மாதங்களில் அது அகற்றப்பட்டது. இந்தோனேஷியாவின் காலாங் தீவில் இருந்ததற்கும் அதே கதி. தன் கிராமத்தின் கல்லை அந்நியன் மூடச்சொன்ன வலி என்ன என்று தெரிந்த தேசம், அந்நியன் மண்ணில் இருந்த கல்லைப் பெயர்க்கச் சொல்லிற்று. கொரிய நீதிமன்றமோ 2023-ல், பக்கத்து ஃபோங் நி கிராமத்துப் படுகொலையில் தப்பிய ஒரு பெண்ணுக்கு மூன்று கோடி வொன் நஷ்டஈடு தர அரசுக்கு உத்தரவிட்டது. தொகை சின்னது. கடன் என்ற வார்த்தையை ஒரு நீதிமன்றம் உச்சரித்தது என்பதே விஷயம்.

இனி அகதிகளின் பக்கம். கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில், ‘குட்டி சைகோன்’ எனப்படும் பகுதியில், 1999-ல் ஒரு வீடியோக் கடைக்காரர் தம் கடையில் ஹோ சி மின் படத்தை மாட்டினார். ஐம்பது நாளுக்கு மேல் மறியல். ஒரு கட்டத்தில் பதினைந்தாயிரம் பேர் கூடினார்கள். இது கோபத்தின் நாகரிகமான முகம். 1981-க்கும் 1990-க்கும் இடையில் அமெரிக்காவில் ஐந்து வியட்நாமியப் பத்திரிகைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு வழக்கும் துலங்கவில்லை. ஏப்ரல் 30 ஹனோயில் விடுதலை நாள், இங்கே தேசிய வஞ்சின நாள். பேச்சுச் சுதந்திரம் தேடி வந்த இடத்தில் வேறு பேச்சுக்கு இடமில்லை என்றாகிவிட்டதைக் கேலி செய்வது எளிது. நான் செய்ய விரும்பவில்லை. மயானம் பூட்டிக் கிடக்கிறது, கல் பெயர்க்கப்பட்டுவிட்டது. செய்யவேண்டிய கடனைச் செய்ய இடமில்லாதவனிடம் அது வஞ்சினமாகத் திரிந்துபோகிறது.

ஆனால் இந்த வஞ்சினம் மகளுக்கும் வருகிறதே, அதுதான் எனக்குப் பிடிபடாத இடம். அவள் அமெரிக்காவில் பிறந்தவள். வங்கியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: கடன் வாங்கியவன் இறந்தால், வாரிசுதாரர் தமக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. அப்பன் ஒன்றும் விட்டுப் போகாவிட்டால் மகன் ஒன்றும் கட்டவேண்டியதில்லை. (இது தெரிந்தும் கட்டுகிற மகன்கள் உண்டு. அப்பா பேர் கெட்டுவிடக் கூடாது சார் என்பார்கள். அந்த ரசீதுகளை எழுதும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.) மீகாங் கழிமுகத்து வயல் அவளுக்கு வரவில்லை, வீடு வரவில்லை, பாஷைகூடப் பாதிதான் வந்தது. மூன்று சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் கொடியும், சாப்பாட்டு மேஜையில் ஏப்ரல் மாதத்து மௌனமும் வந்திருக்கின்றன. விதிப்படி அவள் பொறுப்பாளியல்ல. கார்ல் யாஸ்பர்ஸ் 1946-ல் ஜெர்மானியர்களின் குற்றத்தை நான்காகப் பகுத்தார்: சட்டக் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், தத்துவக் குற்றம். அருமையான பகுப்பு. ஆனால் நாலும் செய்தவனின் சந்ததிக்கே. பட்டவனின் சந்ததிக்கு வந்து சேருவது என்ன, அதை அவர்கள் மறுக்கலாமா என்பதற்கு யாஸ்பர்ஸிடம் அறை இல்லை. மறுக்கலாம் என்றே நான் நினைக்கிறேன், வஞ்சினத்தை. இறந்தவனை மறுக்க முடியாது. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டதுதான் முந்தைய தலைமுறையின் சோகம்.

இதற்கிடையில் பணம் பாட்டுக்கு வேலையைச் செய்கிறது. எண்பதுகளில், தடை அமலில் இருந்தபோதே, அகதிகள் மருந்தும் துணியும் பெட்டிகளில் கட்டி மூன்றாம் நாடுகள் வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று வெளிநாட்டு வியட்நாமியர் அனுப்பும் தொகை ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல். அதில் பாதியளவு ஹோ சி மின் நகருக்கே போகிறது, அதாவது பழைய சைகோனுக்கு. துரோகி என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவர்களை 2004-ல் கட்சித் தீர்மானம் ஒன்று தேசத்தின் பிரிக்கமுடியாத பகுதி என்றது. ஆயிரம் காதம் தள்ளியிருந்தாலும் நம் குடலின் துண்டு என்பது அங்கே வழங்கும் சொலவடை. குடலின் துண்டு கல்லறையைப் பார்க்க வந்தால் என்ன செய்வது என்று தீர்மானம் சொல்லவில்லை.

நான்கு வயதில் அகதியாக அமெரிக்கா போன வியட் தான் நுயென், 2016-ல் வந்த கட்டுரை நூலில், ‘நியாயமான நினைவு’ என்ற ஒன்றைக் கோருகிறார்: தன்னவனையும் மற்றவனையும் ஒருசேர நினைப்பது, தன்னிடமுள்ள அமானுஷ்யத்தையும் சேர்த்து நினைப்பது. நாவலாசிரியராகவும் அதைச் செய்து காட்டியவர், மறுக்க எதுவுமில்லை. இருந்தாலும் நினைவு என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம். நினைக்க ஆள் வேண்டும். படகோடு குடும்பமே மூழ்கியவனை யார் நினைப்பது? பெயர் தெரியாத கொரியனை, அமெரிக்கனை, அந்தக் கிராமத்தில் யார் நினைப்பது, ஏன் நினைக்க வேண்டும்? ஹியோனிக் குவோன் என்ற கொரிய மானுடவியலாளர் 2008-ல் வெளியிட்ட, போரின் ஆவிகள் பற்றிய நூல் எனக்கு இந்த இடத்தில் கைகொடுத்தது. மத்திய வியட்நாமியக் கிராமங்களில் வழிபாட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்கிறார். வீட்டுக்குள்ளே முன்னோருக்கு. அதை முடித்துவிட்டு வெளியே திரும்பி, தெருவில் அலையும் ஆவிகளுக்கு. வீட்டை விட்டு வெளியே அகாலமாகச் செத்தவன் அலைவான் என்பது நம்பிக்கை. தெருவில் அலைபவன் எந்தப் படை என்று கேட்பதில்லை. வடக்கத்தியானுக்கும் தெற்கத்தியானுக்கும் அந்நியனுக்கும் அதே கஞ்சி, அதே ஊதுவத்தி. சந்திர ஆண்டின் ஏழாம் மாதப் பௌர்ணமியில் இது நாடு முழுக்க நடக்கிறது. அரசு வெகுகாலம் இதை மூடநம்பிக்கை என்று கண்டித்தது. பகுத்தறிவு அரசு தன் மயானத்தில் படை பார்த்துப் பிரித்தது. மூடநம்பிக்கைக் கிழவி தெருவில் பிரிக்கவில்லை. எனக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. அவளுடைய கணக்கு முறையில் நம்பிக்கை இருக்கிறது. நினைவையோ மன்னிப்பையோ சமரசத்தையோ அவள் முன்நிபந்தனையாக வைக்கவில்லை.

பியன் ஹோவாவில் மயானத்துக்கு வெகுதூரமில்லாமல் பழைய விமானதளம் இருக்கிறது. களைக்கொல்லிப் பீப்பாய்கள் அங்கேதான் அடுக்கப்பட்டிருந்தன, ஒழுகின. டா நாங் தளத்து மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலையை அமெரிக்கா 2018-ல் முடித்தது. அடுத்த வருஷம் பியன் ஹோவாவில் தொடங்கிற்று. ஏறத்தாழ ஐந்து லட்சம் கனமீட்டர் மண். பல ஆண்டு வேலை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது, தோண்டிய மண் பாதியில் கிடக்க வேலை தடைப்பட்டு, அப்புறம் தொடர்ந்தது. மயானத்தில் மரங்கள் வளர்ந்து வேர்கள் கல்லறைகளைப் பிளந்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் சிலர் புல் வெட்டி, உடைந்ததைப் பூசிவிட்டுப் போகிறார்கள்.